வியாழக்கிழமை பியர்

அந்தப் பையைக் கீழ வைங்க வேர்னன், அது எங்கயும் ஓடிடாது. உள்ள என்னன்னு நானும் பார்த்துட்டேன், செடிதான. அப்புறம் பேசுவோம். முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இதுல. ம்ம். பிக்கிள் எங்க? வாசல்ல கட்டியிருக்கீங்களா? உள்ளயே கூட்டிட்டு வரலாமே, என் கடைக்கு நாய் வராத நாளே கெடையாது. தூங்குறானா, சரி விடுங்க, அவனுக்கும் வயசாச்சுல்ல.

கடை தொறந்து நாலு வருஷம் ஆச்சு. உங்க வீட்டுலேருந்து மூணே தெரு. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? சும்மா கேக்குறேன், கோச்சுக்காதீங்க. காலையில நீங்க ஃபோன் பண்ணி, நெட்டி, உனக்குத்தான் செடியெல்லாம் தெரியும், ஒரு உதவி வேணும்னு சொன்னப்ப எனக்குக் கையே ஓடல. நெஜமா. அடுப்புல வச்சதை மறந்துட்டு நின்னுட்டேன்.

ஆமா, முன்னாடி இது துணி துவைக்கிற கடை. சுவத்துல பாருங்க, மெஷின் நின்ன தடம் இன்னும் போகல. தண்ணி போறதுக்குத் தரையில அவங்களே வழி போட்டு வச்சிருந்தாங்க, பியர் காய்ச்சுறவளுக்கு அதவிட வேற என்ன வேணும். நாலே நாலு குழாய். பலகையில சாக்பீஸ்ல எழுதியிருக்குல்ல, அவ்வளவுதான் நம்ம சரக்கு. ஸ்ப்ரூஸ் கொழுந்து, காஞ்சொறி, டேன்டலையன்ங்கிற மஞ்சப்பூக் களையோட வேர், கடைசியா வியாழக்கிழமை.

வியாழக்கிழமைங்கிறது பியரோட பேருதான். ஏன் அந்தப் பேருன்னு எல்லாரும்தான் கேக்குறாங்க. அந்தா மூலையில குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காளே டில்டா, முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவ, அவ மூணு வருஷமா கேட்டுக் கேட்டு அலுத்துட்டா. யார்கிட்டயும் நான் வாயத் தொறந்ததில்ல. உங்களுக்கு வேணா சொல்றேன். ஆனா வரிசையாத்தான் குடிக்கணும்.

இந்தாங்க, சின்ன கிளாஸ்தான். ஸ்ப்ரூஸ். மே மாசம் அந்த ஊசியிலை மரத்து நுனியில இளம்பச்சையாத் துளிர் விடும்ல, அதைக் கிள்ளிப் போடுறது. என்ன மூஞ்சி அப்படிப் போகுது? தரை தொடைக்கிற மருந்து மாதிரி இருக்கா? டில்டா, கேட்டியா, இவரும் அதேதான் சொல்றாரு. மொத தடவ வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க வேர்னன். உங்க நாக்கு ஹாப்ஸைத் தேடுது, கசப்புக்காக எல்லா பியர்லயும் போடுற அந்தப் பூவை. தேடாதீங்க, இந்தக் கடையில ஹாப்ஸே கெடையாது. ஹாப்ஸ் பேரு தெரியாத காலத்துலயும் ஜனங்க பியர் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, வேலியோரத்துல கெடைச்சதைப் போட்டுக் காய்ச்சுனாங்க. இதை ஆர்லோ சொல்லிச் சொல்லி என் காதே புளிச்சுப்போச்சு.

ஆர்லோவை ஞாபகம் இருக்குல்ல? இல்ல, கேட்டேன். உங்க பின்வேலிக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு வருஷம் இருந்த மனுஷன். வேலிக்கு மேல தலையை நீட்டி நீங்களும் அவரும் பேஸ்பால் பேசாத ஞாயித்துக்கிழமை உண்டா. கட்டுன பொண்டாட்டி என்னைவிட உங்ககிட்டதான் அதிகம் சிரிச்சாரு.

செடிதான, வர்றேன் வர்றேன். எடுங்க வெளிய. அடடா, வேரோட புடுங்கியிருக்கீங்க. இலையைத் திருப்புங்க. மேல கரும்பச்சை, அடியில சாம்பல் பூசுன மாதிரி வெள்ளை. பார்த்தீங்களா? இப்ப ரெண்டு இலையைக் கசக்கி மோந்து பாருங்க. நல்லா மூச்சை இழுங்க. ஆங். இதுக்குப் பேரு மாசிபத்திரி. உங்களுக்கு இது களை. ரயில் தண்டவாளத்து ஓரம், காலி மனை, எங்க வேணா முளைக்கும். நீங்க இதை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லன்னா சொல்றீங்க? எங்க தோட்டத்துல பாதி இதுதான். ஓ, பக்கத்துல வந்து பார்த்ததில்ல. அது சரி. தூரத்துலேருந்து பார்த்தா எல்லாம் பச்சைதான்.

எத்தனை வருஷமா இருக்கு? நாலு கோடை. ஐயோ பாவம். புல்தரை முழுக்கவா? முன்னாடி, பின்னாடி, பைப் ஓரம், நடைபாதை ஓரம்? அப்ப அந்த போர்டு? மாசத்துச் சிறந்த புல்தரைன்னு பச்சைக் கலர்ல உங்க வாசல்ல நட்டு வச்சுட்டுப் போவாங்களே. வரிசையா மூணு ஆகஸ்ட் உங்களுக்குத்தான குடுத்தாங்க. இப்ப எதிர்வீட்டுல நிக்குதா. சே.

புடுங்குனீங்க, தோண்டுனீங்க, சரி. என்னது, மெஷின் வாடகைக்கு எடுத்து உழுதீங்களா? இந்தச் சுத்துற கத்தி வச்ச மெஷினா? ரெண்டு தடவையா? இல்ல இல்ல, சிரிக்கல, தொண்டையில என்னமோ. வேர்னன், இந்த வேரு நகம் அளவு மண்ணுல கெடந்தாப் போதும், முளைச்சிடும். நீங்க ஒண்ணை நூறா நறுக்கி வீடு முழுக்க நீங்களே நட்டுட்டீங்க. எவனாவது பக்கத்துல நின்னு சொல்லியிருக்கக் கூடாதா.

மருந்து கிருந்து அடிக்கலையே? நெஜமா? பிக்கிள் புல்லைத் திம்பான்னு அடிக்கல. ஒரு தடவ கூட? நல்லது. அது நல்ல காரியம் பண்ணீங்க. எனக்கும் தெரியும், இருந்தாலும் உங்க வாயால கேட்டா ஒரு நிம்மதி. எப்படித் தெரியுமா? ஊர்ல பேசிக்கிறாங்க, அவ்வளவுதான்.

காஞ்சொறி முடிஞ்சுதா? அரிக்காது, கவலப்படாதீங்க, வெந்ததும் அதோட கொட்டம் அடங்கிடும். டேன்டலையனை விட்டுருவோம். நேரா இதுக்கு வாங்க. வியாழக்கிழமை. இதுக்குப் பெரிய கிளாஸ்.

மெதுவா. எப்படி இருக்கு?

நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே சொல்லுங்க. ஆரஞ்சுத் தோலு, மிளகு, அப்புறம் கடைசியில ஒரு கசப்பு. தொண்டையில நிக்குற கசப்பு. டில்டா, வேர்னன் சொல்றாரு, இந்த ஊர்ல இதுவரைக்கும் குடிச்சதுலயே இதுதான் நல்ல பியராம். எழுதித் தர்றீங்களா, மாட்டி வச்சுக்குவேன். ஊத்தவா இன்னொண்ணு? குடுங்க கிளாஸை. காசைப் பத்திப் பேசாதீங்க, இன்னிக்கு நீங்க என் விருந்தாளி.

இது ஆர்லோவோட பியர். காய்ச்சுற முறை அவரு எழுதி வச்சது. எட்டு வருஷம் அந்தத் தோட்டத்துல ஒவ்வொரு செடியா வச்சுப் பழக்கினாரு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல அறுத்துக் காய வச்சு மொத தடவ காய்ச்சுறதா இருந்தோம். பூக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அறுக்கணும், அதுக்கப்புறம் வாசம் போயிடும். நாள்கூடக் குறிச்சு வச்சிருந்தாரு. ஜூலைக் கடைசியில வயித்து வலின்னு போனோம். கணையத்துல. பார்த்த மறுநாளே டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமே, நீங்கதான எங்க தபாலை எடுத்து வச்சீங்க. தெனமும் எங்க முன்வாசலுக்கு வந்து பெட்டியிலேருந்து எடுத்துட்டுப் போனீங்க. மறக்கல நான்.

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். நான் குளிக்க வீட்டுக்கு வந்தாலும் பின்வாசல் வழியா வந்து பின்வாசல் வழியாப் போயிடுவேன். முன்கதவுல நகராட்சிக்காரன் நோட்டீஸ் தொங்கவிட்டுட்டுப் போனது எனக்குத் தெரியாது. புல்லோ களையோ எட்டு அங்குலத்துக்கு மேல வளர்ந்திருக்கு, பத்து நாளைக்குள்ள வெட்டலேன்னா நாங்களே வெட்டுவோம். பத்து நாளும் அது அங்கதான் தொங்கிருக்கு. தபால் பெட்டிக்கு ஒரு கை தூரத்துல.

நீங்க கவனிக்கலையா. சரி.

இனிமே ஆஸ்பத்திரியில வேலையில்ல, வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னாங்க. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, கட்டிலைப் பின்ஜன்னல் பக்கத்துல போடு நெட்டி, தோட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கெடப்பேன்னாரு. போட்டோம். மெத்தையை நிமித்தி அவரை உக்கார வச்சு, நான்தான் திரையை விலக்கினேன். ஒண்ணுமே இல்ல வேர்னன். மொட்டை. முந்தின நாள்தான் வந்து வழிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கானுங்க, மண்ணுல சக்கரத் தடம் ஈரம் காயல.

யாரு வெட்டுனதுன்னு கேட்டாரு. நான் என்ன சொல்வேன். நான்தான் அறுத்தேன், சரியான நாள்ல அறுத்துட்டேன், மேல மாடியில காயுதுன்னேன். அந்த மூஞ்சியில வந்த சந்தோஷத்தை நீங்க பார்க்கல. ஒரு கைப்பிடி கொண்டு வா, மோந்து பார்க்கணும்னாரு. எங்கேருந்து கொண்டு வர்றது? எல்லாத்தையும் லாரியில அள்ளிட்டுப் போயிட்டானுங்க. கார் எடுத்துட்டுப் போயி மூலிகை டீ விக்கிற கடையில ஒரு பொட்டலம் வாங்கி, கவரைக் கிழிச்சு, கிண்ணத்துல கொட்டிக் கொண்டு வந்து நீட்டுனேன். மோந்தாரு. எட்டு வருஷம் கூடவே வச்சிருந்தவருக்குத் தன் செடி தெரியாதா. ரொம்ப நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. நல்லா காஞ்சிருக்கு நெட்டின்னாரு. அதுக்கப்புறம் அதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. பதினோரு நாள்ல போயிட்டாரு.

குடிங்க. நுரை அடங்கிடப் போகுது.

யாரு புகார் குடுத்திருப்பாங்கன்னு நீங்க என்னைக்காவது யோசிச்சதுண்டா? சும்மா கேக்குறேன். அஞ்சு வருஷம் ஆகப்போகுது, இனிமே யாரை என்ன பண்ணப் போறேன். நகராட்சியில கேட்டா பேரு சொல்ல மாட்டோம்னுட்டாங்க. நீங்க வேலிக்குப் பக்கத்துலயே இருந்தீங்களே, உங்களுக்கு ஏதாவது தோணுதா?

மூலை வீட்டு ப்ரூயிட்டா? அந்தச் சின்னப் பொண்ணும் அவ புருஷனுமா? வேர்னன், அவங்க அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத்தான் குடி வந்தாங்க. ஆர்லோ போனது ஆகஸ்ட்.

அப்ப வேற யாரோ. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல. மூணு மணிதான ஆகுது, அஞ்சுக்கு முன்னாடி கூட்டம் வராது. தோட்டம் உயரமா இருந்தா யாருக்குத் தொந்தரவு? யாருக்கு நஷ்டம்? தபால்காரருக்கா? அவரு மேலயா சொல்றீங்க, அந்த மனுஷன் சாவு வீட்டுக்கு வந்து சின்னப் புள்ள மாதிரி அழுதாரு.

சரி. உங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவ கேக்குறேன், இதான் கடைசி. தெரியாது? தெரியாது. சரி வேர்னன்.

சாவுக்கு மறுநாள் நீங்க ஒரு பாத்திரத்துல டியூனா மீன் போட்டு நூடுல்ஸ் சுட்டு எடுத்துட்டு வந்தீங்க, ஞாபகம் இருக்கா? மேல உருளைச் சிப்ஸ் நொறுக்கிப் போட்டிருந்தீங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு, தோட்டத்தை இப்படிப் பண்ணிட்டாங்களே, எவனுக்கு இந்த மனசு வந்துதோன்னு சொன்னீங்க. மூணு நாள் அதைத்தான் வச்சு வச்சுச் சாப்பிட்டேன். சமைக்கத் தெம்பில்ல. நல்லாத்தான் இருந்துச்சு.

பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும்ல. வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுன்னு எலுமிச்சை கேக் சுட்டு வச்சு எடுத்துட்டு வந்தேன். செப்டம்பர்ல. உள்ள வா, காப்பி குடின்னீங்க. கீழ பாத்ரூம்ல குழாய் வேலை நடக்குது, மாடியில போய்க்கோன்னீங்க. போனேன். அங்க ஒரு ஜன்னல். அதுலேருந்து பார்த்தா எங்க தோட்டம் ஒரு மூலை விடாம தெரியுது. ஜன்னல் கட்டையில ஒரு பீங்கான் வாத்து. நீலக் கலரு. கழுத்துல ஒரு ஒட்டு.

இதுக்குள்ளயே கிளாஸைக் கீழ வச்சுட்டீங்களே.

அந்த நோட்டீஸோட ஒரு போட்டோ வச்சிருந்தாங்க, புகார் குடுத்தவரு எடுத்த போட்டோ. மேலேருந்து எடுத்தது. தோட்டம் முழுக்க விழுந்திருக்கு, ஓரத்துல மட்டும் ஏதோ நீலமா வளைஞ்சு நிக்குது. அது என்னன்னு ஒரு மாசமாத் தெரியாம நான் அந்தப் போட்டோவை ராவும் பகலும் பார்த்துக்கிட்டு இருந்தேன். வாத்துக் கழுத்து. அந்த ஒட்டோட.

எந்திரிக்காதீங்க. நான் கத்தப் போறதில்ல. அன்னிக்கும் கத்தல. கையைக் கழுவிட்டுக் கீழ வந்தேன், உங்க காப்பியைக் குடிச்சேன், ரெண்டாவது தடவையும் ஊத்துனீங்க, அதையும் குடிச்சேன்.

என்ன சொன்னீங்க? மன்னிப்பா? வேலிக்கு அந்தப் பக்கம் காடா இருந்தா போர்டு போயிடும்னுதான் பண்ணேன், ஆஸ்பத்திரி விஷயம் இவ்வளவு மோசம்னு தெரியாதுங்கிறீங்க. ம். இதை இப்ப சொல்றீங்க. வாத்துக்கு அப்புறம் சொல்றீங்க. வாத்துக்கு முன்னாடி மூணு தடவ கேட்டேனே வேர்னன். காலையில நீங்க ஃபோன் வச்சதும் நான் ஒரு காகிதத்துல எழுதி மடிச்சு இந்த ஏப்ரன் பையில போட்டேன், இதோ பாருங்க. இந்தச் செடியை அடியோட எப்படி ஒழிக்கிறதுன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். இவரு மட்டும் ஆமா நெட்டி, நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இதைக் குடுத்துடணும், அதோட எல்லாத்தையும் விட்டுடணும்னு ஆர்லோ மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் கதவைத் தொறந்தேன். குழாய் வேற சொட்டுது. அடியில வைக்க ஒரு காகிதம் வேணும். ஆங், சரியா இருக்கு. மை எல்லாம் ஊறிப் போச்சு பாருங்க.

நீங்க அந்த அக்டோபர் ஃப்ளோரிடாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனீங்க, ரெண்டு வாரம். போறதுக்கு முன்னாடி சாவியைக் குடுத்து, நெட்டி, புல்லுக்குக் கொஞ்சம் தண்ணி விடுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அவனுங்க மேலதான் வெட்டிட்டுப் போனானுங்க, வேரு எல்லாம் எங்க மண்ணுக்குள்ள அப்படியே உயிரோட இருந்துச்சு. ஆர்லோ வச்ச வேரு. ரெண்டு வாளி தோண்டுனேன். சமையல் மேசையில உக்காந்து விரல் நீளத்துக்கு நறுக்குனேன். ஸ்க்ரூ டிரைவரால ஒரு சாண் விட்டு ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு துண்டு, மேல புல்லை இழுத்து மூடிட்டேன். பின்னாடி நாலு நாள் ஆச்சு, முன்னாடி மூணு நாள். நீங்க சொன்ன மாதிரி தெனமும் தண்ணியும் விட்டேன். ஒரு நாள் தவறல.

அவரு தோட்டம் எங்கயும் போகல வேர்னன். உங்க வீட்டுல இருக்கு. அவரு வச்சிருந்ததைவிடப் பெருசாவே இருக்கு.

அதை ஏன் அப்படித் தள்ளி வைக்கிறீங்க? ரெண்டு கிளாஸ் ரசிச்சுக் குடிச்சீங்களே. இந்த ஊர்லயே நல்ல பியர்னு சொன்ன வாய்தான. எனக்கு வேற தோட்டம் ஏது, வீட்டைத்தான் வித்துட்டு இந்தக் கடை மாடிக்கு வந்துட்டேனே. நீங்க புதன்கிழமை சாயங்காலம் பிடுங்கினதெல்லாம் காகிதப் பையில கட்டி வாசல்ல வைக்கிறீங்க. குப்பை லாரி மறுநாள் ஏழு மணிக்கு. நான் ஆறு மணிக்கே வண்டியோட வந்துடுவேன். மூணு கோடையா. மருந்து அடிக்கலையேன்னு அதுக்குத்தான் கேட்டேன். டில்டா, நீயும் கேட்டுக்கோ, இனிமே பேரு ஏன்னு என்னைத் தொல்லை பண்ணாத.

கெளம்புறீங்களா? சரி, பிக்கிளை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க, பாவம் வெயில்ல கெடக்கான். அந்தப் பை இங்கயே இருக்கட்டும், நான் எடுத்துக்கிறேன். அப்புறம் வேர்னன், ஒண்ணே ஒண்ணு. இன்னிக்குப் புதன்கிழமை. பையை வெளிய வைக்கிறப்போ வேருல ஒட்டியிருக்கிற மண்ணைக் கொஞ்சம் உதறிட்டு வைங்க. கழுவி முடிக்கிறதுக்குள்ள எனக்கு முதுகு ஒடிஞ்சுபோகுது.